கடலோரச் சமையலுக்கு சாமான் சேக்கறது எப்படி: புளியில இருந்து ஆரம்பிங்க

மங்களூர் கஸ்ஸி (தேங்கா அரைச்ச குழம்பு), மகாராஷ்டிராவுல மால்வண் பக்கத்து பாங்குடா (அயிலை) கறி, கோட்டயம் செவப்பு மீன்கறி, நம்ம ராமநாதபுரம் மீன் குழம்புன்னு எல்லாத்தையும் வீட்டுலயே பண்ணிப் பாக்கணும்னு ஆச வந்தா ரெசிபிக்கு பஞ்சமே இல்ல, சாமான் சேக்கறதுலதான் உயிரு போகும். கடையில ஒண்ணு கேட்டா ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்க, ஆன்லைன்ல போட்டோல இருக்கறது ஒண்ணு வீட்டுக்கு வர்றது ஒண்ணு, ரெண்டு வருஷ ஸ்டாக்க புது வெலைக்கு தள்ளி விடுவாங்க. நான் அலைஞ்சு விசாரிச்சு தெரிஞ்சுகிட்டத வரிசையா போடறேன், நீங்களாவது அலையாம வாங்குங்க.

நிறைய பேர் மொதல்ல மசாலா டப்பாவ நெரப்பறாங்க. பட்ட, கிராம்பு, ஏலக்காய் இல்லாம கூட கடலோரக் குழம்பு வெச்சுடலாம், ஆனா புளிப்பு மாறிப் போச்சுன்னா அது அந்த ஊர் குழம்பே இல்ல. அதனால இங்க புளிக்குதான் பெரிய இடம்.

1. ஒரே ஒரு ஊர மொதல்ல முடிவு பண்ணுங்க

"கோஸ்டல்"னு பொதுவா எழுதியிருக்கற மசாலா பாக்கெட்ட நம்பாதீங்க. குஜராத்துல இருந்து கன்னியாகுமரி சுத்தி வங்காளம் வரைக்கும் ஒரே மசாலாவா இருக்கும்?

கோட்டயம் பக்கம் குடம்புளி, வெந்தயம், மொளகாத்தூள், தேங்காயெண்ணெய், அவ்ளோதான், நிறைய வீட்டுல அந்த செவப்புக் கறிக்கு தேங்கா கூட அரைக்க மாட்டாங்க. மங்களூர், உடுப்பின்னா பேடகி மொளகா, தனியா, தேங்கா, சாதாரண புளி. கொங்கண் பக்கம் போனா கோக்கம்ங்கற ஊதாப் புளியும் தெப்பல்ங்கற மிளகு மாதிரி காயும். கோவாவுல தென்னங்கள்ளு வினிகர் சேந்துக்கும். தமிழ்நாட்டுக் கரையில பழைய புளி, குண்டு மொளகா, தனியாத்தூள் தூக்கலா, நல்லெண்ணெய். ஒடிசா பக்கம் உப்பு போட்டு காய வெச்ச மாங்கா, அத அம்புலான்னு சொல்வாங்க. வங்காளத்துல கடுகும் கடுகெண்ணெயும்.

எல்லாத்தையும் ஒரே மாசத்துல வாங்குனீங்கன்னா பாதி பூச்சி புடிச்சு குப்பைக்குப் போகும். ஒரு ஊர எடுத்து மூணு மாசம் அதையே சமைங்க, அப்புறம் அடுத்தது.

2. புளிப்பு: இதுலதான் ஏமாத்தறதும் அதிகம், கொழப்பமும் அதிகம்

குடம்புளி. கருப்பா, சுருங்கி, பொக வாசனையோட இருக்கும். இந்தப் பழம் பழுக்கறதே தென்மேற்குப் பருவமழ சமயத்துலதான், அடிக்கற மழையில வெயிலுக்கு எங்க போறது, அதனாலதான் அடுப்புப் பொகையில காய வெக்கறாங்க, அந்தப் பொக வாசனதான் கறிக்கே உயிர். நம்ம ஊர் மளிகக் கடையில கேட்டா கொடுக்காப்புளின்னு நெனச்சு கைய விரிப்பாங்க, இல்ல சீசனா இருந்தா நெசமாவே கொடுக்காப்புளிய எடுத்து நீட்டுவாங்க. அது வேற மரம், சம்பந்தமே கெடையாது. "மலையாளிங்க மீன்கறிக்குப் போடற கருப்புப் புளி"ன்னு கேளுங்க, இல்லன்னா நேரா கேரளா ஸ்டோருக்குப் போயிடுங்க.

வாங்கும்போது கையில எடுத்து அமுக்கிப் பாருங்க. லேசா வளையணும், தோல் மாதிரி இருக்கணும். சொதசொதன்னு ஈரமா இருந்தா எடைக்காக ஈரத்தோட விக்கறாங்கன்னு அர்த்தம், ஒரே மாசத்துல பூசணம் வந்துடும். ஒடிச்சா பொடியா உதிர்ந்தா ரொம்பப் பழசு. மோந்து பாத்தா பொக வாசன வரணும், பூசண வாடை வந்தா அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க.

அரைக் கிலோ மீனுக்கு மூணு இதழ் போதும், வெதுவெதுப்பான தண்ணியில பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊற வெச்சு கழுவிட்டு போடுங்க. கறி இறக்குன அப்புறமும் அது புளிப்ப விட்டுகிட்டே இருக்கும், அதனால போதும்னு தோணுனா இதழ வெளிய எடுத்துடுங்க, இத எந்த வீடியோலயும் சொல்ல மாட்டேங்கறாங்க.

கோக்கம். குடம்புளிக்குப் பங்காளி மாதிரி, அதே குடும்பத்து மரம், ஆனா ருசி வேற, கலர் ஊதா. இது ஏப்ரல், மே வெயில்ல பழுக்கறதால வெயில்லயே காய வெச்சுடறாங்க, பொக வாசன கெடையாது. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு போடலாமான்னு கேப்பீங்க, போடலாம், ஆனா மால்வண் கறிக்கு குடம்புளி போட்டா பொக வாசன தேங்காப்பாலையே அமுக்கிடும், எனக்குப் புடிக்கல.

கோக்கம் கடையில பல ரூபத்துல கெடைக்கும், இங்கதான் பொறி இருக்கு. கறிக்கு வேண்டியது தோல அதோட சாறுலயே திரும்பத் திரும்ப நனச்சு காய வெச்சது, மராத்தியில ஆம்சூல்னு பேரு. மாங்காத்தூள் இருக்கு பாருங்க, ஆம்சூர், பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால கடைப் பையன் அத எடுத்துக் குடுத்துடுவான், கவனம். ஆகள்னு ஒண்ணு பாட்டில்ல வரும், உப்புப் போட்ட கோக்கம் சாறு, தேங்காப்பால் சேத்து குடிக்கற சோல்கடி பண்ண அது நல்லா இருக்கும். சிரப்னு எழுதியிருந்தா சர்க்கரப் பாகு, ஜூஸுக்குத்தான், கறியில ஊத்துனா அவ்ளோதான். மங்களூர்ப் பக்கம் கேக்கறதா இருந்தா புனர்புளின்னு சொல்லுங்க.

கோக்கத்துல உப்பு இருக்கும், அதனால கறிக்கு உப்ப கடைசியில பாத்துப் போடுங்க. இந்த ரெண்டு புளிக்கும் அலுமினியப் பாத்திரம் வேணாம், மண்சட்டி இல்ல ஸ்டீல்.

சாதாரண புளி. மீன் குழம்புக்கு கருத்துப் போன பழைய புளிதான் எடுப்பா இருக்கும்னு நம்ம கடலோர வீடுகள்ல சொல்வாங்க, நானும் அந்தக் கட்சி. புதுப் புளி வெளிர் பழுப்பா இருக்கும், சாம்பாருக்கு அது போதும். கொட்ட எடுக்காத புளி கொஞ்சம் சீப்பா இருக்கும், ஆனா கொட்ட எடையையும் சேத்துத்தான் வாங்கறீங்கங்கறத கணக்குல வெச்சுக்கோங்க.

வினிகர். கோவா கறிக்கு தென்னங்கள்ளுல எடுத்த வினிகர்தான் வேணும். கடையில இருக்கற வெள்ள வினிகர் பெரும்பாலும் அசெடிக் ஆசிட்ல பண்ணது, லேபிள்லயே சிந்தெடிக்னு போட்டிருக்கும், சின்ன எழுத்தா இருந்தாலும் தேடிப் படிங்க.

3. மொளகா: கலருக்கு ஒண்ணு, காரத்துக்கு ஒண்ணு

மங்களூர் கறி ரத்தச் செவப்பா இருக்கும், ஆனா வாயில போட்டா அவ்ளோ காரம் இருக்காது. காரணம் பேடகி மொளகா. கர்நாடகாவுல ஹாவேரி பக்கத்துச் சரக்கு, நீளமா, தோல் சுருக்கம் சுருக்கமா, கலர் அதிகம் காரம் கம்மி. 2011-லயே புவிசார் குறியீடு வாங்குனது. நம்ம ஊர்ல காஷ்மீரி மொளகான்னு விக்கறதுல நிறைய இதுதான்.

நம்ம ராமநாதபுரம் குண்டு மொளகாவுக்கு 2023-ல குறியீடு கெடச்சுது. உருண்டையா, பளபளன்னு, தடிச்ச தோலோட இருக்கும், முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் வெளையறது. காரமும் மணமும் இதுல இருக்கும். அரைக் கிலோ மீனுக்கு பேடகி எட்டுப் பத்து, குண்டு மூணு நாலுன்னு சேத்து அரைச்சா எனக்கு சரியா வருது, உங்க நாக்குக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. கோவாவுக்குப் போறவங்க கானகோணா பக்கத்து கோலா மொளகா கெடச்சா வாங்கிட்டு வாங்க, அதுக்கும் 2019-ல குறியீடு வந்துச்சு, வெளையறது கம்மிங்கறதால வெலை கூடத்தான் இருக்கும்.

வாங்கும்போது ரெண்டு மொளகாவ கிள்ளி உள்ள பாருங்க. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள சாம்பல் கலர்ல பூசணம் இருக்கும், அது ஒடம்புக்கு ரொம்பக் கெடுதல். காம்போட இருக்கறத வாங்குங்க, காம்பு எடுத்தது சீக்கிரம் பூச்சி புடிக்கும். தூளா வாங்கவே வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா வாங்குனா ஒரு கிளாஸ் தண்ணியில மேல தூவிப் பாருங்க, கலர் கோடு கோடா எறங்குனா சாயம், அடியில நறநறன்னு தங்குனா செங்கல் தூள் மாதிரி எதாவது இருக்கும்.

4. தெப்பலும் மிளகும்

தெப்பல் பத்தி சொல்லணும். கொங்கணி ஆளுங்க தெப்பல்னும் மராத்தியில திர்ஃபள்னும் கன்னடத்துல ஜும்மனகாயின்னும் சொல்வாங்க. மிளக விட கொஞ்சம் பெருசு, வாய் பொளந்த மாதிரி இருக்கும், நாக்கு லேசா மரத்துப் போகும், எலுமிச்சத் தோல் மாதிரி வாசன. சீனாக்காரங்க சிச்சுவான் மிளகுக்கு சொந்தம். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில திர்ஃபள்னு கேட்டீங்கன்னா நூத்துக்கு நூறு திரிபலா சூரணம்தான் வரும், வயித்துக்கு நல்லது, மீனுக்கு இல்ல. போன்ல படம் காட்டிக் கேளுங்க, இல்ல மங்களூர், கோவா, மால்வண் சரக்கு விக்கற ஆன்லைன் கடையில பாருங்க.

உள்ள இருக்கற கருப்பு வெதைய தட்டி எடுத்துட்டு தோல மட்டும் வெச்சுக்கணும். மசாலாவோட சேத்து அரைச்சுடாதீங்க, லேசா நசுக்கி கறி கொதிக்கும்போது போட்டா போதும், ஆறு ஏழு போதும். அயிலை, மத்தி மாதிரி எண்ணெய் மீனுக்குத்தான் இது, வஞ்சிரத்துக்குப் போட்டு வீணாக்காதீங்க.

மிளகுக்கு ஒரே சோதன. ஒரு கிளாஸ் தண்ணியில போடுங்க, நல்ல மிளகு அடியில தங்கும், பப்பாளி வெத மெதக்கும். உள்ள சத்தில்லாத சல்லி மிளகும் மெதக்கும், அதுவும் வேணாம். சுருள் பட்டைக்கும் தடிச்ச கட்டைப் பட்டைக்கும் வித்யாசம் தெரிஞ்சு வாங்குங்க, மெல்லிசா அடுக்கடுக்கா சுருண்டிருந்தாதான் அசல். மீன் கறியில பட்டைக்கு பெருசா வேலை இல்ல, அதனால இதோட விட்டுடறேன்.

5. தேங்காயும் எண்ணெயும்

தேங்கா வெலையும் எண்ணெ வெலையும் 2025-ல பயமா ஏறுச்சு, கேரளாவுலயே தேங்காயெண்ணெய் கிலோ நானூறு ரூபாயத் தாண்டிடுச்சு. வெலை ஏறுனா கலப்படமும் ஏறும். சின்ன கிண்ணத்துல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல இல்ல. சுத்தமான எண்ணெய் முழுசா ஒறஞ்சுடும், வேற எண்ணெய் கலந்திருந்தா அது தனியா திரவமா நிக்கும். மாச ஆரம்பத்துல அஞ்சு லிட்டர் கேன் வாங்கற பழக்கம் இருந்தா ஒரு லிட்டர் வாங்கி இத பண்ணிப் பாத்துட்டு அப்புறம் கேன் வாங்குங்க.

6. கருவாடும் மாசியும்

சூரை மீன அவிச்சு, பொகையில போட்டு, வெயில்ல மரக்கட்டை மாதிரி காய வெச்சாதான் மாசி. லட்சத்தீவுல மினிக்காய் பக்கம் பண்றது பேர் போனது, நம்ம தூத்துக்குடிக் கடைகள்லயும் கெடைக்கும். ரெண்டு துண்ட ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, கட்டை மாதிரி டக்குன்னு சத்தம் வரணும். சத்தம் மொத்தையா வந்தா இன்னும் ஈரம் போகல. தூளா வாங்காதீங்க, என்ன மீனுன்னே கண்டுபுடிக்க முடியாது. கிலோ ஆயிரத்த தாண்டித்தான் போகும், ஆனா ஒரு சம்பலுக்கு ஒரு சின்னத் துண்டு சீவுனா போதும், அதனால நூறு கிராம்ல ஆரம்பிங்க.

நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி (பொடி எறா) கருவாடு வாங்கும்போது மண் ஒட்டியிருக்கான்னு தேய்ச்சுப் பாருங்க, மணல்ல பரப்பி காய வெச்சதும் வரும், தார்ப்பாய்லயோ மேடையிலயோ காய வெச்சதும் வரும். ஒரு ஈ கூட உக்காராத கருவாட்டுக் கடைன்னா எனக்கு சந்தேகம்தான், என்ன மருந்து அடிச்சாங்களோன்னு.

7. எந்த மாசம் எத வாங்கணும்

இத ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க, காசு மிச்சமாகறது இங்கதான்.

தை, மாசி, பங்குனி: புது மொளகா, தனியா, மஞ்சள், புளி, மிளகு எல்லாம் வர்ற காலம். வருஷத்துக்கு வேண்டியத இப்போ எடுங்க. ஆனா மொத ரெண்டு வாரம் வர்ற மொளகாவுல ஈரம் இருக்கும், கொஞ்சம் பொறுத்து வாங்குங்க.

ஏப்ரல் 15-க்கு முன்னாடி: கருவாடு. நம்ம கெழக்குக் கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை, மேக்குக் கரையில ஜூன், ஜூலை. தடை வந்துட்டா பச்ச மீன் வெலையோட கருவாடும் ஏறும்.

சித்திரை, வைகாசி: காய வெச்சு அரைக்கற காலம். கொங்கண் பக்கமும் மழைக்கு முன்னாடி வருஷத்து மசாலாவ அரைச்சு வெச்சுடுவாங்க. மொளகாவ மொறுமொறுன்னு காய வெச்சுட்டுத்தான் மில்லுக்கு கொண்டு போகணும், முன்னாடி யாரு என்ன அரைச்சாங்கன்னு கேட்டுக்கோங்க, சீயக்கா அரைச்ச கல்லுல உங்க மொளகா போயிடப் போகுது.

மே கடைசி, ஜூன்: புதுக் கோக்கம். புரட்டாசிக்கு மேல: புதுக் குடம்புளி. அதுக்கப்புறம் தெப்பல்.

8. பில், லேபிள், குறியீடு

பாக்கெட்டா வாங்குனா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பு) நம்பர் 14 இலக்கம் இருக்கான்னு பாருங்க, அந்த நம்பர அவங்க வெப்சைட்லயே போட்டுத் தேடலாம், கம்பெனி பேரும் ஊரும் லேபிளோட ஒத்துப் போகணும். பேக் பண்ண தேதியையும் பேட்ச் நம்பரையும் பாருங்க. இங்க ஒரு தந்திரம் இருக்கு, பேக் பண்ண தேதி போன மாசமா இருக்கும், ஆனா உள்ள இருக்கறது போன வருஷச் சரக்கா இருக்கும், அதனால தேதி மட்டும் பாத்து ஏமாறாதீங்க, அறுவடை எப்போன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத கடையில கொஞ்சமா வாங்குங்க.

புவிசார் குறியீடு ஊருக்கும் பொருளுக்கும் குடுத்தது, எந்தக் கடைக்கும் தனியா குடுத்தது இல்ல. அந்தப் பேர போட்டு விக்கறவங்க அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணியிருக்கணும். அதிக வெலை கேட்டா அந்தப் பதிவு இருக்கான்னு கேக்கறதுல தப்பே இல்ல.

சந்தையில சில்லறையா வாங்குனா லேபிள் இருக்காது. அப்போ துண்டுச் சீட்டாவது பொருள் பேர், எடை, வெலை எழுதி வாங்குங்க. ஆன்லைன்ல வந்தா பார்சல பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. தப்பான சரக்கு வந்து கடைக்காரர் கண்டுக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு பேசலாம், அப்போ பில்லும் பாக்கெட்டும் கையில இருக்கணும், சமையலறைக் குப்பையில போட்டுட்டு தேடக் கூடாது.

9. செலவு

ஒரு ஊர் சமையலுக்கு தேங்கா, எண்ணெய் நீங்கலா ஆரம்பச் செலவு ஆயிரத்துல இருந்து ஆயிரத்தி ஐநூறுக்குள்ள முடிச்சுடலாம். குடம்புளியோ கோக்கமோ நூறு கிராம், பேடகி கால் கிலோ, குண்டு கால் கிலோ, மிளகு நூறு கிராம், தனியா அரைக் கிலோ, வெந்தயம், கடுகு கொஞ்சம், தெப்பல் வேணும்னா ஐம்பது கிராம். நூறு கிராம் புளி இதழ் பாக்க கொஞ்சமா தெரியும், ஆனா வாரம் ஒரு தடவ மீன் எடுக்கற வீட்டுக்கு மாசக்கணக்குல வரும்.

ரொம்ப சீப்பா குடுத்தா பயப்படுங்க. மிளகு மொத்த மார்க்கெட்லயே 2025-ல கிலோ அறநூறு ரூபாய்க்கு மேல போச்சு, ஒருத்தர் முந்நூறுக்கு தர்றாருன்னா அதுல பாதி மிளகே இல்ல. தெப்பல் மாதிரி சின்னச் சாமானுக்கு பொருள் வெலைய விட கூரியர் சார்ஜ் பெருசா வரும், ரெண்டு மூணு வீடு சேந்து ஒரே ஆர்டரா போடுங்க.

10. வெச்சுக்கறது

கடலோர ஊர்னா காத்துலயே ஈரம். குடம்புளிய ஒரு நாள் வெயில்ல போட்டு, கொஞ்சம் கல்லுப்பும் தேங்காயெண்ணெயும் தடவி பீங்கான் பரணியிலயோ கண்ணாடி ஜாடியிலயோ போட்டா வருஷக்கணக்குல நிக்கும், கேரளா வீடுகள்ல இதான் வழக்கம். மொளகாத்தூள மாசத்துக்கு வேண்டியத மட்டும் வெளிய வெச்சுட்டு மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல. மிளகு, தெப்பல் முழுசாவே இருக்கட்டும். கருவாட்ட ரெண்டு கவர், அதுக்கு மேல மூடி போட்ட டப்பா, அப்புறம் ஃப்ரீசர், இல்லன்னா ஐஸ்கிரீம் கூட நெத்திலி வாசன அடிக்கும், வீட்டுல சண்ட வரும்.

11. ஊர்ல இருந்து தூக்கிட்டு வரும்போது

ரயில், பஸ்ஸுன்னா பிரச்சன இல்ல, பக்கத்து சீட்டுக்காரர் மூக்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ஃப்ளைட்னா கொப்பரைய செக்-இன் பெட்டியில போட விட மாட்டாங்க, எண்ணெ ஜாஸ்தி, சூடாகி தீப்புடிக்கும்னு. மொளகாத்தூள், மசாலாத்தூள கைப்பையில வெச்சா செக்யூரிட்டியில எடுத்துடுவாங்க, அத செக்-இன்ல போடுங்க. வினிகர், ஆகள் பாட்டில மூடிக்கு மேல செலோ டேப் சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, துணிக்கு நடுவுல வைங்க. வெள்ள வேட்டிக்கு நடுவுல கோக்கம் சாறு மட்டும் வேணாம், அந்த ஊதாக் கறை எத்தன தடவ தொவச்சாலும் போகாது.